கழிவு வால்வில் ஒரு கால் திருகு

என் கையில் யாராவது மைக்கைக் கொடுத்துவிட்டால் நான் கெட்டுப்போவேன் என்பது என் மனைவிக்குத் தெரியும். கிராம சபைக்குக் கிளம்பும்போதே, "போனோமா, கையெழுத்துப் போட்டோமா, வந்தோமான்னு இருங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள். நான் போனேன், கையெழுத்துப் போட்டேன், மைக்கை வாங்கினேன்.

பேச்சு எங்கள் ஊர்க் குடிநீர் நிலையத்தைப் பற்றியது. பேராவூரணியிலிருந்து கடலை நோக்கிப் போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். கல்லணையில் திறக்கிற தண்ணீர் மற்ற ஊரையெல்லாம் நனைத்துவிட்டு, மிச்சம் இருந்தால் கடைசியாக வந்து எட்டிப்பார்க்கிற கடைமடை. ஆழ்குழாயில் வருவதோ உப்புத் தண்ணீர். அதில் டீ போட்டால் பால் திரியும். அதனால் பஞ்சாயத்தில் ஒரு ஆர்.ஓ. நிலையம் வைத்தார்கள். உப்புத் தண்ணீரைப் பம்பு கொண்டு அழுத்தி, மெம்பரேன் என்கிற சவ்வு வழியாகத் தள்ளினால் நல்ல தண்ணீர் ஒரு பக்கம் கசிந்து வரும். உப்பெல்லாம் சேர்ந்த கழிவுத் தண்ணீர் இன்னொரு குழாய் வழியாகப் பின்னால் இருக்கும் பள்ளத்துக்குப் போய்விடும். அந்த அழுத்தத்துக்குத்தான் அவ்வளவு கரண்டு.

"ஊரு தெருவெளக்கு மொத்தமும் திங்கிறத இந்த ஒத்த ரூமு தின்னுது" என்றார் பஞ்சாயத்துத் தலைவர். அவர் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். "இப்படியே போனா ஒண்ணுவிட்டு ஒருநாள்தான் ஓட்ட முடியும். பெறவு என்னையக் கொற சொல்லக் கூடாது."

கூட்டத்தில் முணுமுணுப்பு. பின்வரிசையில் அந்த நிலையத்தை நடத்துகிற பெண் எழுந்து நின்றார், ஏதோ சொல்ல வந்தது போல. அதற்குள் நான் மைக்கை வாங்கிவிட்டேன்.

பேராவூரணியில் எனக்கு மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை இருக்கிறது. இருபது வருஷமாக எரிந்துபோன மோட்டார்களின் வயிற்றை அறுத்துப் பார்க்கிறவன். ஆகவே கரண்டைப் பற்றி நான் பேசினால் ஊர் கேட்கும். "தலைவரே, அந்த மோட்டார் ஏன் அவ்வளவு சாப்புடுதுன்னு தெரியுமா? மொபெட்டுல முழுசா ஆக்சிலேட்டர முறுக்கிக்கிட்டு, பிரேக்கையும் அமுக்கிப் புடிச்சுக்கிட்டுப் போறீங்க. அதான் நடக்குது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு வந்தால் எனக்கு நிதானம் போய்விடும். "ஒரு டிரைவ் மாட்டுனா மோட்டார் தேவையான வேகத்துல மட்டும் சுத்தும். மூணே மாசத்துல கரண்ட பாதியாக் கொறச்சுக் காட்டுறேன். இல்லன்னா அடுத்த கிராம சபைல என் மீசைய எடுத்துக்குங்க."

கைத்தட்டல். அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டார்.

அவரைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேல் போக முடியாது. அவருடைய அம்மா எங்கள் வயலில் நாற்று நட்டவர். இவர் பன்னிரண்டாவது வரை படித்து, பயிற்சிக்குப் போய்வந்து, நிலையத்தின் சாவியை வாங்கினார். அந்தக் குடும்பத்தில் சேற்றில் இறங்காமல், கதவைத் திறந்து உட்கார்ந்து பார்க்கிற முதல் வேலை அதுதான். காலை ஆறு மணிக்குத் திறப்பார். மணிக்கொரு தடவை அழுத்தத்தையும் உப்பு அளவையும் ஒரு நோட்டில் எழுதுவார். நடக்க முடியாதவர்கள் வீட்டுக்குக் கேனைத் தானே சைக்கிளில் கொண்டுபோய் இறக்குவார். கணவர் திருப்பூரில், மூத்த மகள் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படிக்கிறாள். ஒன்றுவிட்டு ஒருநாள் ஓடினால் அந்த வீட்டுச் சோறும் ஒன்றுவிட்டு ஒருநாள்தான் என்பது, மைக் பிடித்திருந்த எனக்கு அன்று தோன்றவே இல்லை.

டிரைவ் மாட்டினேன். உண்மையிலேயே நல்ல வேலை அது, இன்றைக்கும் சொல்வேன். முன்பு மோட்டார் முழு வேகத்தில் ஓட, அதிகப்படியான அழுத்தத்தை முன்னால் ஒரு வால்வை மூடிக் கொன்றுகொண்டிருந்தார்கள். அந்த வால்வை முழுக்கத் திறந்துவிட்டு மோட்டாரின் வேகத்தைக் குறைத்தேன். சத்தமே மாறிவிட்டது. மாதம் முடிந்ததும் அவர் நோட்டைப் பார்த்துக் கூட்டிச் சொன்னார்: "அண்ணே, கால்வாசி கொறஞ்சிருக்கு!"

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். கால்வாசி. நான் சொன்னது பாதி.

என் பீதிக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வயிறு. அடுத்து இரண்டு காதும் சூடாகும். கடைசியில் வாய் தானாக ஜோக்கடிக்க ஆரம்பிக்கும். "கால் வந்துருச்சு, இன்னும் உடம்பு வரலியே" என்றேன். அவர் சிரித்தார். நான் மீசையைத் தடவிக்கொண்டு நிலையத்தின் பின்பக்கம் போனேன்.

அங்கேதான் அந்தக் குழாயைப் பார்த்தேன். கழிவுத் தண்ணீர் பள்ளத்தில் தடதடவென்று விழுந்துகொண்டிருந்தது. கீழேயிருந்து கரண்டு கொடுத்து ஏற்றிய தண்ணீரில் பாதிக்கு மேல் சும்மா ஓடுகிறது.

இதை வெளியூர்க்காரர்கள் புரிந்துகொள்வது கஷ்டம். கடைமடையில் பிறந்தவன் தண்ணீர் வீணாக ஓடுவதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. சின்ன வயதிலிருந்து எங்களுக்குப் பழக்கமானது ஒன்றுதான்: எங்காவது மடை உடைந்து ஓடினால், யார் வயல் என்று பார்க்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி மண்ணை வெட்டிப் போட்டு அடைக்க வேண்டும். அடைத்தபிறகுதான் யாருடையது என்று கேட்பது. கழிவுத் தண்ணீர் ஓடினால்தான் உப்பை அது வாரிக்கொண்டு போகும், ஓடுவதுதான் அதன் வேலை என்பதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். பட்டறையில் வரும் ஆட்களுக்குப் படம் போட்டுச் சொல்கிறவன் நான். ஆனால் கைக்குத் தெரியவில்லை. அல்லது மீசை, கையை நம்பச் சொன்னது.

டிரைவ் மாட்டியதிலிருந்து என்னிடமும் ஒரு சாவி இருந்தது. அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரம் உள்ளே போய், கழிவு வால்வைக் கால் திருகு மூடினேன். நல்ல தண்ணீர்க் குழாய் உடனே கொழுத்தது. கழிவுக் குழாய் ஒல்லியானது. ஒரு கேனுக்கு ஆகிற யூனிட் சட்டென்று இறங்கியது. இரண்டு நாள் கழித்து இன்னொரு கால் திருகு.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். வால்வின் கைப்பிடியிலும் குழாயிலும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தது. கம்பெனிக்காரர்கள் சரியான இடத்தில் வைத்துவிட்டுப் போனபோது, அது நகர்ந்தால் தெரியட்டும் என்று இந்தப் பெண் நெயில் பாலிஷால் போட்ட கோடு. இப்போது அது இரண்டு துண்டாகி, ஒரு துண்டு கிழக்கே பார்த்தது, ஒரு துண்டு தெற்கே பார்த்தது.

யோக்கியனாக இருந்தால் வால்வைத் திருப்பியிருப்பான். நான் கோட்டைத் திருத்தக் கிளம்பினேன்.

பேராவூரணியில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோர். ஐம்பதைத் தொடப்போகிற, மீசை வைத்த, கையெல்லாம் வார்னிஷ் வாடை அடிக்கிற ஆள் போய் நெயில் பாலிஷ் கேட்டால் எப்படி இருக்கும்?

"என்ன கலரு சார்?" என்றாள் கடைப்பெண்.

"செவப்பு."

"செவப்புலயே பதினாறு இருக்கு சார். அக்கா என்ன நெறம்?"

பித்தளை வால்வு என்றா சொல்ல முடியும்? "மஞ்ச நெறம்" என்றேன்.

"குடுத்துவச்சவரு சார் நீங்க" என்று ஒரு புட்டியை எடுத்து நீட்டினாள்.

பழைய கோட்டைப் பிளேடால் சுரண்டினேன். புதிய இடத்தில் புதுக்கோடு போட்டு, வாயால் ஊதிக் காயவைத்தேன். அந்தக் காட்சியை இப்போது நினைத்தால் வேறு யாரையோ நினைத்துச் சிரிப்பது போலச் சிரிப்பு வருகிறது. பிறகு அது நான்தான் என்பது ஞாபகம் வருகிறது.

சில வாரம் நான் ராஜா. தலைவர் டீக்கடையில் என் தோளில் கைபோட்டு, "பாதியத் தொட்டுருவ போலருக்கேடா" என்றார். அப்புறம் ஒருநாள் அந்தப் பெண் பட்டறைக்குப் போன் பண்ணினார்.

"அண்ணே, மீட்டர்ல உப்பு ஏறிக்கிட்டே வருது. அழுத்தமும் ஏறுது. வந்து பாக்குறீங்களா?"

"மீட்டர்ல பேட்டரி வீக்கா இருக்கும்மா."

மறுநாள் மறுபடி போன். "புதுப் பேட்டரி போட்டுட்டேண்ணே. அதுவும் அதையேதான் காட்டுது."

"அப்ப பேட்டரி கம்பெனிய மாத்திப் பாரு" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. போனை வைப்பதற்கு முன்னால், "அண்ணே, இன்னொரு விசயமும் உங்ககிட்ட..." என்று ஆரம்பித்தார். பட்டறையில் ஆள் நிற்கிறது என்று வைத்துவிட்டேன். ஆள் யாரும் நிற்கவில்லை.

வால்வை அன்றைக்கே திறந்துவிட்டிருக்கலாம். திறந்தால் கோடு மறுபடி விலகும், மறுபடி பிளேடு, மறுபடி ஊதல் என்று எனக்கு நானே வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டேன். காரணம் அதில்லை. திறந்தால் யூனிட் ஏறும். கிராம சபைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

டீக்கடையில் பால் திரிந்த அன்று விஷயம் வெடித்தது. கடைக்காரர் திரிந்த பாலைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு நிலையத்துக்கு வந்துவிட்டார். பின்னாலேயே கேன்களோடு இருபது பேர். தலைவரும் வந்தார். என்னைக் கூப்பிடவும் ஆள் வந்தது.

மெம்பரேனில் உப்புப் படிமம் கட்டாமலிருக்கத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக ஒரு மருந்து கலக்க வேண்டும். அதை ஊற்றுவது அந்தப் பெண்ணின் வேலை. கூட்டத்தில் ஒருவர், "மருந்த ஒழுங்கா ஊத்துறது கெடையாது. அதான்" என்றார். இன்னொருவர், "ஊத்தலையா, வேற எங்கயும் போகுதா?" என்றார். ஒரு நிமிஷத்துக்குள் அது ஊரறிந்த உண்மையாகிவிட்டது. எவ்வளவு லேசாக நம்பினார்கள்! அவருடைய அம்மா யார் வயலில் நட்டவர் என்பது தெரியாத ஆள் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. அந்த லேசுக்கு அதுவும் காரணம். எனக்கு அப்போதே தெரிந்தது.

அவர் கூட்டத்தைத் தாண்டி என்னிடம் வந்தார். என்னைப் பார்த்து மட்டும் கேட்டார். "அண்ணே, நீங்க சொல்லுங்க. நான் மருந்து ஊத்தலையா?"

வயிறு. காது. வாயில் ஜோக் வரவில்லை; அதைவிட மோசமான ஒன்று வந்தது. பட்டறைக் குரலில், பெரிய நிபுணனைப் போல, "சோதிச்சுப் பாத்தாத்தான் சொல்ல முடியும்மா" என்றேன்.

பொய் என்று அதில் ஒரு வார்த்தையைக் காட்ட முடியாது. அதனால்தான் அது அவ்வளவு நன்றாக வேலை செய்தது. தலைவர், "எஞ்சினியர் வந்து பாக்குற வரைக்கும் சாவியக் குடும்மா" என்றார். அந்தப் பெண் நோட்டை மேசை நடுவில் வைத்து, அதன் மேல் சாவியை வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். தலைவர் அந்தச் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார். இப்போது என்னிடம் இரண்டு சாவி.

மூன்று நாள் நான்தான் காலை ஆறு மணிக்குத் திறந்தேன். மருந்துக் கேனைப் பார்த்தேன். பக்கத்தில் தேதி வாரியாக மட்டம் குறித்து வைத்திருந்தார், ஒருநாள்கூடத் தவறவில்லை. அந்த மூன்று நாளும் எனக்கு எதைப் பார்த்தாலும் பயம். டீக்கடைப் பக்கம் போகவில்லை. வாசலில் சைக்கிள் மணி அடித்தால் கொல்லைக்குப் போய்த் தென்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு கன்றுக்கு ஒரே காலையில் நாலு தடவை.

மூன்றாம் நாள் மதியம் மனைவி சட்டையைத் துவைக்க எடுத்தவள், பையிலிருந்த புட்டியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது யாருக்கு?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: வேறு ஒரு பெண்ணுக்கு என்றே அவள் நினைத்துக்கொள்ளட்டும், அது இதைவிடக் கௌரவம் என்று ஒரு கணம் யோசித்தேன். அவள் நின்ற நிலையில் அந்தத் திட்டம் சரியாக வராது என்று தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் ரசத்தை ஊற்றிவிட்டு உட்கார்ந்தாள். "பொம்பள சகவாசம்னு சொல்லியிருந்தாக்கூட நாலு மாசம் சண்ட போட்டு ஆறியிருப்பேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் புள்ளைக்கு நாளைக்கு வேல இல்லன்னு ஆயிட்டா, நம்ம வீட்டுல ரசம் எறங்குமா?" என்று கேட்டாள். அன்று எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் காலை சர்வீஸ் எஞ்சினியர் வந்தார், சின்ன வயசுக்காரர். நீளக் குழாயைத் திறந்து மெம்பரேனை உருவினார். அதன் வாயில் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை. விரலால் சுரண்டி முகர்ந்து பார்த்தார். "கழிவ ரொம்பக் கம்மியா விட்டுருக்காங்க சார். உப்பு வெளிய போக வழியில்ல. எவ்ளோ மருந்து ஊத்துனாலும் தாங்காது. வால்வ யாரோ திருகியிருக்காங்க."

தலைவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "கேட்டீங்களா? அந்தப் பொண்ணு வால்வுலயும் கைய வச்சிருக்கு."

"திருகுனது நான்தான்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள்.

"மாமா ஆரம்பிச்சுட்டாருய்யா" என்றார் டீக்கடைக்காரர்.

"இல்லப்பா, நெசமாத்தான். ரெண்டு கால் திருகு."

"போடா" என்று தலைவர் என் முதுகில் தட்டினார். "அந்தப் பொண்ணக் காப்பாத்த, பழியத் தூக்கித் தன் மேல போட்டுக்கிறான். இவன் மனசு எவனுக்கு வரும்?"

இருபது வருஷமாக எதைச் சொன்னாலும் ஜோக்காகச் சொன்னதற்குக் கிடைத்த கூலி. அதுகூடப் பரவாயில்லை. எழுதக் கை கூசுகிற இடம் அடுத்தது: அந்தப் பெரிய மனசுக்காரன் வேஷம் எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்ச நேரம் அதைப் போட்டுக்கொண்டு நின்றேன். சொல்லிவிட்டோம், அவர்கள் நம்பவில்லை, நம் கடமை முடிந்தது என்று ஒரு குரல் உள்ளே சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் சாவி இன்னும் என் பையில்தான் கிடந்தது.

புட்டியை எடுத்தேன். வால்வுக்குப் போய், கோட்டின் பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்தேன். இரண்டும் ஒரே நிறம். கைப்பிடியின் இன்னொரு ஓரத்தில் பிளேடு சுரண்டிய இடத்தில் பழைய கோட்டின் பொருக்கு கொஞ்சம் ஒட்டியிருந்தது. அது வேறு சிவப்பு. எஞ்சினியர் குனிந்து பார்த்தார். தலைவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அட நாயே" என்றார், மெதுவாக.

அந்தப் பெண்ணின் வீட்டுக்குச் சாவியை எடுத்துக்கொண்டு தனியாகத்தான் போனேன். முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஆரம்பிப்பதற்கு முன்னால், "தெரியும்ண்ணே" என்றார்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எம் பொண்ணோட பாலிஷு அது. என் கலரு எனக்குத் தெரியாதா? நீங்க கோடு போட்ட மறுநாளே பாத்துட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்லம்மா?"

"யாருகிட்ட? மொதல்ல உங்ககிட்டதான் போன்ல சொல்லிப் பாத்தேன், நீங்களே ஒத்துக்குவீங்கன்னு. நீங்க பேட்டரிய மாத்தச் சொன்னீங்க. நானே வால்வத் திருப்பி வச்சா, அதத் தொட்டதே நான்தான்னு ஆயிரும். ஊருல சொன்னா நம்புவாங்களா? இன்னைக்கு நீங்களே சொல்லி, உங்களையே நம்பலையாமே."

செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டார். குரலில் கோபம் இல்லை, அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வாய்க்கால்ல தண்ணி வர்ற மாசத்துல நம்ம போர்ல உப்பு கொறையுதுண்ணே. அப்ப மோட்டார இன்னும் மெதுவா ஓட்டுனாலே போதும், நல்ல தண்ணி வரும். ரெண்டு வருசத்து நோட்டப் பாத்துக் கண்டுபுடிச்சேன். உங்க டிரைவ் வந்த பெறகு அத செய்ய முடியும்ல? அதத்தான் அன்னைக்குப் போன்ல சொல்ல வந்தேன்."

நான் பாதி, பாதி என்று வால்வை நெரித்துக்கொண்டிருந்தபோது, நேர்மையாகக் கிடைக்கவேண்டிய மிச்சம் அவருடைய நோட்டில் உட்கார்ந்திருக்கிறது. கிராம சபையில் எழுந்து நின்றபோதும் ஒருவேளை இதைத்தான் சொல்ல வந்திருப்பார். கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை.

சாவியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"கிராம சபைல சொல்லுங்க. மைக்குல. மருந்த நான் ஒழுங்காத்தான் ஊத்துனேன்னு, வால்வத் திருகுனது நீங்கன்னு தீர்மான நோட்டுல எழுதணும். அப்பறம் வாங்கிக்கிறேன். எம் பொண்ணு நாளைக்கு இந்த ஊரு மாட்டுக்கு ஊசி போட வருவா. அவள யாரும் மருந்து திருடுனவ மவளுன்னு சொல்லக் கூடாது."

என்னிடமிருந்த இரண்டு சாவியையும் வாங்கிக்கொண்டு, அடுத்த கிராம சபை வரை தலைவரே ஒரு ஆளை வைத்து நிலையத்தை ஓட்டினார். என்னை உள்ளே விடவில்லை. எஞ்சினியர் அமிலம் விட்டுக் கழுவியதில் ஒரு மெம்பரேன் தேறவில்லை, மற்றவை தேறின. கால்வாசி மிச்சம் கால்வாசியாகவே நின்றது. மீசையைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

கூட்டத்தில் மைக் என் கைக்கு வந்தது. ஒரு தாளில் எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். பழக்க தோஷம், நான் வாயைத் திறந்ததுமே பின்வரிசையில் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை நின்று, முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தேன். இரண்டாவது தடவை யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தார், நோட்டை மார்போடு அணைத்தபடி.

ஊராட்சிச் செயலர் தாளை வாங்கினார். என்னிடம் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்: "அண்ணே, உங்க பேரு எதுக்கு? 'தொழில்நுட்பக் கோளாறால'ன்னு போட்டுருவமா? அந்தம்மா மேலயும் குத்தம் இல்ல, உங்க மேலயும் இல்லன்னு ஆயிரும்."

வேண்டாம், உள்ளபடியே எழுதுங்க என்று சொன்னேன். சொன்னேன்தான். ஆனால் உடனே சொல்லவில்லை. தொழில்நுட்பக் கோளாறு என்ற அந்த அழகான வார்த்தையை ஒரு மூச்சு நேரம் வாய்க்குள் வைத்துப் பார்த்தேன். அந்தப் பெண் நின்ற இடத்திலிருந்து செயலர் பேசியது கேட்டிருக்கும். நான் எடுத்துக்கொண்ட நேரமும் தெரிந்திருக்கும்.

எழுதி முடித்ததும் செயலர் உரக்கப் படித்தார். அந்தப் பெண் வந்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டு, சாவியைத் தலைவரிடமிருந்து வாங்கிக்கொண்டு, நிலையத்தைத் திறக்கப் போனார்.